அமைதிப்பூங்கா47 என்கிற டியூப்லைட்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு இடது காதில் சத்தம் கேட்க ஆரம்பித்தது நாற்பத்தெட்டாவது வயதில். இருபத்துநான்கு வருடமாக அடுக்குமாடிகளின் உச்சியில், மோட்டார் அறைக்குள் தலையை விட்டு வேலை பார்த்தவர். மோட்டார் ஓடும்போது சத்தம் கேட்டால் அது வேலை. வீட்டுக்கு வந்து நாற்காலியில் சாய்ந்த பிறகும் அதே சத்தம் கேட்டால் அது வியாதி. இந்த வித்தியாசம் பிடிபட அவருக்கு எட்டு மாதம் ஆனது. அதுவரை பக்கத்து வீட்டுக்காரர்தான் ஏதோ மெஷின் வாங்கி ஓட்டுகிறார் என்று நம்பி, இரண்டு முறை கதவைத் தட்டிச் சண்டையும் போட்டுவிட்டு வந்திருந்தார்.

காது டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, "நரம்பு கொஞ்சம் தேஞ்சிருக்கு. மருந்துன்னு எதுவும் கிடையாது, பழகிக்கணும்" என்றார். எப்படிப் பழகுவது என்று மெக்கானிக் கேட்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அப்படித்தான் அவர் 'காதோரம்' என்ற இணைய மன்றத்தில் போய் விழுந்தார். காதிரைச்சல் உள்ளவர்கள் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொள்ளும் இடம். அதை ஆரம்பித்தவர் ஓர் ஆயுள் காப்பீட்டு ஏஜென்ட். ஒரு கூட்டத்தில் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்த தோஷத்தால் அவருக்கு நான்கு நாள் காது இரைந்தது. மூன்றாம் நாள் மன்றத்தைத் தொடங்கினார். ஐந்தாம் நாள் இரைச்சல் நின்றுவிட்டது. ஆனால் அதற்குள் 'நிறுவனர்' என்று விசிட்டிங் கார்டு அச்சடித்தாகிவிட்டது. என்ன செய்வது, சேவையைத் தொடர வேண்டியதாயிற்று.

மன்றத்தில் ஆறுதலைவிட விளம்பரம்தான் அதிகம் இருந்தது. 'செவியமுது! மூன்றே சொட்டு! ஏழே நாளில் நிசப்தம்!' என்று பூவோ பூங்காவோ ஒரு பேரும் எண்ணும் ஒட்டிய ஏதாவது ஒரு கணக்கு நாளுக்குப் பத்துப் பதிவு போட்டது. கூடவே ஒரு லிங்க். மெக்கானிக் மூன்று முறை நிறுவனருக்குப் புகார் எழுதினார். புகார் சொல்பவன் தலையிலேயே வேலையைக் கட்டுவதுதான் இந்த மாதிரி இடங்களின் நிர்வாக ரகசியம். நான்காம் முறை எழுதுவதற்குள் அவரை 'மட்டுறுத்துநர்' ஆக்கிவிட்டார்கள்.

மனைவி ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்ப்பவர். எந்த எழுத்தையும் ஒரு தடவை பார்த்தால் படித்துவிடுவார். இந்தச் சொல்லை மட்டும் இரண்டு தடவை பார்த்தார்.

"மட்டுறுத்துநரா? அப்படின்னா?"

"தேவையில்லாததை எல்லாம் எடுத்துப் போடற வேலை."

"அதைத்தான் பரண்ல ஏறிச் செய்யுங்கன்னு மூணு வருஷமாச் சொல்றேன். அங்கே உங்களுக்கு ஒருத்தரும் பட்டம் குடுக்கலை, அதான் ஏறலை."

பட்டத்தோடு கூடவே ஒரு கோப்பும் வந்தது. 'சந்தேகக் கணக்குகளைக் கையாளும் நெறிமுறை', பதினொரு பக்கம். நிறுவனரே இயற்றியது. அதன்படி, சந்தேகம் வந்தவுடன் எந்தக் கணக்கையும் நீக்கிவிடக் கூடாது. மனித உரிமை என்று ஒன்று இருக்கிறதல்லவா. முதலில் கணக்கின் மேல் மஞ்சள் நிறத்தில் 'விளக்கம் கோரப்பட்டுள்ளது' என்று ஒரு முத்திரை குத்த வேண்டும். எழுபத்திரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். பதில் வராவிட்டால் ஆரஞ்சு முத்திரை, பிறகு ஐவர் குழுவின் வாக்கெடுப்பு. ஐவரில் மூவர் மன்றத்துக்குள் எட்டிப்பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அதனால் வாக்கெடுப்பு முடியவே முடியாது. விளம்பரம் ஆரஞ்சு நிறத்தில் ஜொலித்துக்கொண்டு அங்கேயே இருக்கும்.

மெக்கானிக் இரண்டு மாதம் நெறிமுறைப்படி நடந்தார். இரண்டாவது மாதக் கடைசியில் ஓவிய டீச்சர் ஒருவர் மன்றத்தில் எழுதினார். செவியமுதை வாங்கி விட்டுக்கொண்டாராம். காதுக்குள் வீங்கி, பத்து நாளாக வலது பக்கம் படுக்க முடியவில்லையாம். ஏன் வாங்கினீர்கள் என்று மெக்கானிக் பதறிப்போய்க் கேட்டார்.

"மேல மஞ்சள்ல ஏதோ முத்திரை குத்தியிருந்துச்சே சார். மன்றமே பாத்து அங்கீகாரம் குடுத்ததுன்னு நெனச்சேன்."

அன்று பகல் ஒரு பதினான்கு மாடிக் கட்டடத்தின் மோட்டார் அறையில், கையைக்கூடக் கழுவாமல், கிரீஸ் விரலோடு மெக்கானிக் நெறிமுறைக் கோப்பை ஃபோனிலிருந்து அழித்தார். அதற்குப் பதிலாக ஒரே ஒரு கேள்வி வைத்துக்கொண்டார். சந்தேகமான கணக்கு எதுவாக இருந்தாலும் தனிச் செய்தியில் அதைக் கேட்பார்: 'உங்க காதுல என்ன சத்தம் கேக்குது? எதை மாதிரி இருக்கு?'

விளம்பரக் கணக்குகள் உடனே பதில் சொல்லின. 'வணக்கம் நண்பரே! அருமையான கேள்வி! நூறு சதவீதம் இயற்கையானது!' அவற்றை அந்த நிமிடமே தூக்கினார். நிஜமாகவே காது இரைகிறவர்களோ, இப்படி ஒருவர் கேட்க மாட்டாரா என்று வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள் மாதிரி பக்கம் பக்கமாக எழுதினார்கள். ஒரு பஸ் டிரைவர், குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் ஒரு மூச்சு விடுமே, அந்த மூச்சு என்றார். ஒரு காவலாளி, பக்கத்துத் தெருவில் யாரோ தகரம் அறுக்கிறார்கள், அறுத்து முடிக்கவே மாட்டேன் என்கிறார்கள் என்றார். ஒருவர் மட்டும் 'ஒன்றுமில்லை' என்று ஒரே சொல்லில் பதில் சொன்னார். மெக்கானிக் அவரையும் தூக்கிவிட்டார். பிறகுதான் தெரிந்தது, காது இரைவது அவர் அம்மாவுக்கு. மெக்கானிக் மன்னிப்புக் கேட்டு எழுதிய கடிதம் நெறிமுறையைவிட நீளமாக இருந்தது.

மொத்தத்தில் வேலை ஓடியது. 'அமைதிப்பூங்கா47' வரும் வரை.

ஒரே காலையில் ஆறு இடத்தில் செவியமுது. சந்தேகப்படக்கூட ஒன்றுமில்லை. ஆனாலும் பழக்க தோஷம், கேள்வியை அனுப்பிவிட்டு மெக்கானிக் கம்பிவடத்துக்கு மசகு போடப் போனார். திரும்பி வந்தபோது பதில் இருந்தது.

'பழைய டியூப்லைட் எரியறதுக்கு முன்னாடி ஒரு இழுவைச் சத்தம் போடும். எரிஞ்சதும் நின்னுடும். எனக்கு மூணு வருஷமா எரியவே மாட்டேங்குது.'

மெக்கானிக் ஸ்பானரைக் கீழே வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு எழுதினார். 'நீங்க நிஜ ஆளா?'

'நிஜ ஆள்தான் சார். விளம்பரம் போடறது வேலை.'

அவள் சொன்னதன் சுருக்கம் இது. வயது இருபத்தாறு. ஒரு வணிக வளாகத்தின் ஏழாவது மாடியில் ஹால். முப்பத்திரண்டு பேர். காலையில் மன்றம் மன்றமாகப் போய்க் கணக்குத் தொடங்கி விளம்பரம் போட வேண்டும். மதியத்துக்கு மேல், லிங்க்கைத் தட்டி நம்பர் கொடுத்தவர்களை ஹெட்போன் மாட்டிக்கொண்டு கூப்பிட வேண்டும். இவளுக்குக் காது. இடது பக்கத்து நாற்காலிக்கு முடி. எதிர் நாற்காலிக்குத் தொப்பை. முப்பத்திரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவதால், அவரவர் ஹெட்போனில் சத்தத்தை முழுசாகத் திருப்பி வைத்தால்தான் எதிராளி பேசுவது கேட்கும். காது மருந்து விற்று விற்றே காது போனவள்.

'நீ அந்தச் சொட்டை விட்டுப் பாத்தியாம்மா?' என்று மெக்கானிக் கேட்டார். எப்போது 'நீ'க்கு மாறினார் என்று அவருக்கே தெரியவில்லை.

'அதுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும் அண்ணா. ஸ்டாஃபுக்குப் பாதி விலைதான். அப்பவும் யாரும் வாங்க மாட்டோம்.'

நியாயமாகப் பார்த்தால் அப்போதே அவளைத் தூக்கியிருக்க வேண்டும். ஆனால் அந்தக் கேள்வியை வைத்தவரே அவர்தான். கேள்விக்கு அவள் சரியான பதில் சொல்லிவிட்டாள். விளம்பரம் போடாத இன்னொரு கணக்கைச் சொந்தமாகத் தொடங்கி உள்ளே வரச் சொன்னார். 'டியூப்லைட்' என்று பெயர் வைத்துக்கொண்டு வந்தாள். ஹெட்போன் சத்தத்தைப் பாதிக்கு மேல் திருப்பாதே, வீட்டில் ஒரேயடியாக அமைதியாக உட்காராதே, மின்விசிறியாவது ஓடட்டும், முதலில் போய்க் காதைச் சோதித்துக்கொள் என்று, டாக்டர் அவருக்குச் சொல்லாமல் விட்டதையெல்லாம் மெக்கானிக் அவளுக்குச் சொன்னார்.

கைம்மாறாக, ஐந்தாம் நாள் சாயங்காலம் அவள் ஒரு பட்டியல் அனுப்பினாள். 'இன்னிக்கு நான் தொடங்கின கணக்கு இதெல்லாம். மொத்தம் ஒம்பது. நீங்க தேடிக் கஷ்டப்படாதீங்க. ஆனா உடனே எடுத்துடாதீங்க அண்ணா. எத்தனை பதிவு நிக்குதுன்னு மேனேஜர் என் கம்ப்யூட்டர்லதான் வந்து எண்ணுவாரு.'

எடுத்தால் அவளுக்கு வேலை போகும். விட்டால் இன்னொரு டீச்சருக்குக் காது வீங்கும். மெக்கானிக் மன்றத்தின் உள் அமைப்பை ஒரு மதிய இடைவேளை முழுக்கக் குடைந்து, யாரும் தொடாத ஒரு பொத்தானைக் கண்டுபிடித்தார். 'எழுதியவருக்கு மட்டும் காட்டு.' தட்டினார். அன்றிலிருந்து அவள் போடும் செவியமுது விளம்பரங்களை உலகத்தில் இரண்டே பேர் படித்தார்கள். அவளும், அவள் தோளுக்குப் பின்னால் நின்று எண்ணிய மேனேஜரும்.

எல்லோருக்கும் சுபிட்சம்தான். எல்லா மன்றத்து நம்பர்களும் ஒரே பட்டியலில் விழுந்ததால், எங்கிருந்து எத்தனை வந்தது என்று கம்பெனியில் யாருக்கும் தெரியாது. நின்ற பதிவு எத்தனை என்பது மட்டும் சுவரில் எழுதப்பட்டது. அதில் அவளுடையது ஒன்றுகூட அழியவில்லை. அந்த மாதச் சிறந்த ஊழியர் என்று அவளுக்கு ஒரு கோப்பை கொடுத்தார்கள். இங்கே நிறுவனரோ, மன்றம் துடைத்துவிட்ட மாதிரி இருப்பதைப் பார்த்து, இது நெறிமுறையின் வெற்றி என்று அறிவித்து, அதைப் பதினொரு பக்கத்திலிருந்து பத்தொன்பது பக்கமாக வளர்த்தார்.

வீட்டில்தான் கொஞ்சம் விளக்க வேண்டியிருந்தது.

"சாப்பிடும்போதும் ஃபோன்லயே இருக்கீங்களே, யாரு அது டியூப்லைட்?" என்று மனைவி கேட்டார்.

"ஒரு பொண்ணு. ஸ்பேம் போடறவ. நம்ம பக்கம் இருக்கா."

"ஒரு பொண்ணோட பேசறேங்கறீங்க. அவ ஸ்பேமுங்கறீங்க. நான் எதுக்குக் கோவப்படணும்னு முதல்ல முடிவு பண்ணிச் சொல்லுங்க, குழம்பு ஆறுது." பிறகு அவரே ஃபோனை வாங்கிக் கொஞ்ச நேரம் படித்தார். "டியூப்லைட்டுன்னு தனக்குத் தானே பேர் வெச்சுக்கிட்டாளா? பரவால்ல. வழக்கமா அதை அடுத்தவங்கதான் வைப்பாங்க, உங்களுக்கு நான் வெச்ச மாதிரி."

மன்றத்தில் டியூப்லைட் எல்லோருக்கும் வேண்டியவளானாள். குறிப்பாக ஓவிய டீச்சருக்கு. காது வீங்கிய கதையை டீச்சர் ஒருநாள் அவளுக்குச் சொல்ல, அவள் ஒரு நாள் முழுக்கப் பதிலே போடவில்லை. மறுநாள் எழுதினாள். 'மூன்றே சொட்டுன்னு அந்த விளம்பரத்தை எழுதினது நான்தான் டீச்சர்.'

இப்போது டீச்சர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பதில் வந்தது. 'ஒரு எழுத்துப்பிழைகூட இல்லாம எழுதியிருந்தே. அதான் நம்பித் தொலைச்சேன்.' கீழேயே தன் ஃபோன் நம்பரையும் போட்டிருந்தார்.

இப்படியே ஐந்து மாதம். பிறகு நிறுவனருக்கு ஆண்டு விழா நடத்தும் ஆசை வந்தது. அதிகப் பதிவு எழுதிய உறுப்பினருக்குச் சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்று கணக்கெடுக்கச் சொன்னார். முதலிடத்தில் அமைதிப்பூங்கா47 வந்து நின்றது. ஆயிரத்து நூற்று முப்பது பதிவு. இவ்வளவு உழைத்த உறவை நாம் கண்டுகொள்ளவே இல்லையே என்று நெகிழ்ந்துபோய், ஒரு பதிவையாவது வாசித்துக் காட்டலாம் என்று நிர்வாகக் கணக்கு வழியாக உள்ளே போய்த் திறந்தார். செவியமுது. அடுத்ததைத் திறந்தார். செவியமுது. ஒவ்வொன்றின் கீழும் 'எழுதியவருக்கு மட்டும் காட்டு' என்று மெக்கானிக்கின் பெயரில் ஒரு குறிப்பு. சான்றிதழ் அதற்குள் அச்சாகிவிட்டிருந்தது. அதுதான் அவருக்கு அதிகம் வலித்தது.

அவசரக் கூட்டம், வீடியோவில். மெக்கானிக் ஒரு மருத்துவமனைக் கட்டடத்தின் மோட்டார் அறையிலிருந்து கலந்துகொண்டார். ஐவர் குழுவில் இருவர் வந்தார்கள். அவர்களில் ஒருவரின் திரையில் கூட்டம் முடியும் வரை மோவாய் மட்டும் தெரிந்தது. ஓவிய டீச்சர் பார்வையாளராக வந்து உட்கார்ந்திருந்தார்.

"ஸ்பேம் கணக்குன்னு தெரிஞ்சும் அஞ்சு மாசம் பாதுகாத்திருக்கீங்க. இது கூட்டுச்சதி இல்லையா?" என்றார் நிறுவனர்.

"யார் கண்ணுலயும் படாமத்தானே வெச்சிருந்தேன். அஞ்சு மாசத்துல ஒரு ஆள் ஏமாந்தாங்களா?"

"அது முக்கியமில்லை. மஞ்சள் முத்திரை குத்தினீங்களா?"

"இல்லை."

"விளக்கம் கேட்டீங்களா?"

"கேட்டேன். உங்க காதுல என்ன சத்தம்னு கேட்டேன்."

நிறுவனர் சிரித்தார். "ஸ்பேம் கணக்குக்குக் காது இரையுமா சார்?"

"கணக்குக்கு இரையாதுங்க. அதை வெச்சிருக்கற டியூப்லைட் பொண்ணுக்கு இரையும். உங்களுக்கு நாலு நாள்ல நின்னுட்டதால தெரியலை."

மெக்கானிக் அதைச் சொல்லியிருக்க வேண்டாம். மோவாய் மட்டும் தெரிந்தவர்கூட ஒரு நொடி முழு முகத்தையும் காட்டினார். அமைதிப்பூங்கா47, டியூப்லைட் இரண்டுக்கும் தடை. மட்டுறுத்துநரின் பதவி ஒரு மாதம் நிறுத்திவைப்பு. அவர் பெயரின் மேலும் 'விளக்கம் கோரப்பட்டுள்ளது' என்று மஞ்சள் ஏறியது.

மெக்கானிக்குக்கு உண்மையாகவே மனசு விட்டுப்போனது. அன்று சாயங்காலம் யாரும் சொல்லாமலே பரணில் ஏறி மூன்று சாக்குப் பழைய சாமானை இறக்கினார். மனைவி கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டார். கிண்டல் எதுவும் செய்யவில்லை.

மன்றத்தை இப்போது நெறிமுறை தனியாக நின்று காத்தது. ஒன்பது நாளில் நானூறு புதுக் கணக்கு. செவியமுதோடு முடியும் தொப்பையும் சேர்ந்து உள்ளே வந்தன. எல்லாவற்றின் மேலும் மஞ்சள் முத்திரை ஒழுங்காகக் குத்தப்பட்டது. பத்தாம் நாள் நிறுவனர், 'உறவுகளே, பதற்றம் வேண்டாம்' என்று ஓர் அறிக்கை எழுதி, மன்றத்தின் பதினான்கு பிரிவிலும் ஒட்டத் தொடங்கினார். ஒரே செய்தியை மூன்று இடத்துக்கு மேல் ஒட்டும் கணக்கு தானாகவே முடக்கப்படும் என்பது அவசரக் கூட்டத்துக்குப் பிறகு நெறிமுறையின் பதினேழாம் பக்கத்தில் அவரே சேர்த்த விதி. நான்காவது பிரிவில் ஒட்டியதும் நிறுவனர் முடங்கினார்.

'தங்கள் மீது சந்தேகம் எழுந்துள்ளது. எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் நிறுவனருக்கு விளக்கம் அனுப்பவும்' என்று அவருக்குச் செய்தி வந்தது. அனுப்பினார். அதைத் திறந்து படிக்க வேண்டிய நிறுவனரால் உள்ளே போக முடியவில்லை. மீதி இருந்த நிர்வாகிகளுக்குக் கடவுச்சொல் மறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. பூட்டைத் திறக்கத் தெரிந்த ஒரே ஆளின் பதவியைத்தான் நிறுத்திவைத்திருந்தார்கள். எழுபத்திரண்டு மணி நேரமும் நிறுவனர் நெறிமுறைப்படி காத்திருந்தார்.

நான்காம் நாள் மெக்கானிக்குக்கு ஃபோன் வந்தது.

"நெறிமுறையில ஒரு சின்னத் திருத்தம் பண்ணலாம்னு இருக்கேன்" என்றார் நிறுவனர். மன்னிப்பு என்ற சொல் அவர் அகராதியில் இருந்த பக்கம் கிழிந்துபோயிருந்தது.

"பண்ணுங்க. டியூப்லைட்டைத் திரும்ப உள்ள விட்டா நான் வரேன். கோப்பைப் படிக்க மாட்டேன். கேள்வி மட்டும் கேப்பேன்."

"அந்தப் பொண்ணுக்கு இப்ப காது எப்படி இருக்கு?" என்று கேட்டார் நிறுவனர். மன்றம் ஆரம்பித்த நாளிலிருந்து அவர் இன்னொருவரின் காதைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

அதற்குப் பதில் ஓவிய டீச்சரிடம் இருந்தது. தடை விழுந்த மறுவாரமே டீச்சர்தான் அவளைக் காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போயிருந்தார். இடது காதில் மெல்லிய சத்தங்கள் கொஞ்சம் கேட்கவில்லை. இப்போதே நிறுத்தினால் இதற்கு மேல் போகாது, ஹெட்போனைத் தொடாதே என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை மேனேஜரிடம் காட்டியபோது, அவர் அனுதாபத்தோடு மேசை டிராயரைத் திறந்து ஒரு செவியமுது பாட்டிலை எடுத்து, "நீயே விட்டுப் பாரேன்மா, இலவசம்தான்" என்று நீட்டினாராம். அவள் அந்தச் சாயங்காலமே வேலையை விட்டாள். இரண்டு மாதம் சும்மா இருந்தாள். பிறகு ஒரு நர்சரியில், செடிகளுக்குப் பெயர்ச்சீட்டு எழுதி ஒட்டும் வேலை கிடைத்தது. சம்பளம் முன்பைவிடக் குறைவு. செடிகள் எதிர்ப்பேச்சுப் பேசுவதில்லை என்பதால் ஹெட்போன் தேவைப்படவில்லை.

மெக்கானிக்கும் அவளும் நேரில் சந்தித்ததே இல்லை. ஆனால் தடை நீங்கியதும், ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் அவரவர் வீட்டில் உட்கார்ந்து இரண்டு பேருமாக மன்றத்தைச் சுத்தம் செய்தார்கள். எந்தப் பெயர் எந்த ஹாலில் பிறந்தது என்று அவளுக்கு மனப்பாடம். பூவோ பூங்காவோ வந்து பின்னால் இரண்டு எண்ணும் வந்தால் இந்தக் கம்பெனி, பறவையும் அடிக்கோடும் வந்தால் பக்கத்துக் கம்பெனி, சாமியார் படம் போட்டிருந்தால் புதுசாகச் சேர்ந்த ஆள், இன்னும் பயிற்சி முடியவில்லை. வருடக்கணக்கில் தூங்கிக் கிடந்த கணக்குகளும் சேர்ந்து வந்தன. ஏழு ஞாயிற்றுக்கிழமையில் வேலை முடிந்தது.

பன்னிரண்டாயிரம் உறவுகளின் குடும்பம் என்று நிறுவனர் விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தில் போட்டிருந்தார். முடிவில் மிஞ்சியது அறுநூற்றுப் பதினெட்டு. அவர் மெக்கானிக்கைக் கூப்பிட்டு, துக்கம் விசாரிக்கும் குரலில் பேசினார்.

"எல்லாரையும் எடுத்துட்டீங்களா?"

"ஆளா இருந்தவங்க எல்லாரும் இருக்காங்க."

"ஒரு ஆயிரமாவது வரக்கூடாதா சார்? பாக்கறதுக்கு நல்லாருக்குமே."

"அறுநூத்துப் பதினெட்டுப் பேருக்குக் காது இரையுதுங்க. அது போதாதா உங்களுக்கு?"

நிறுவனர் பெருமூச்சு விட்டார். புதுக் கார்டு அடிக்க எவ்வளவு ஆகும், உங்க வீட்டம்மாவோட ஜெராக்ஸ் கடையில விசாரிச்சுச் சொல்றீங்களா என்று கேட்டார். மெக்கானிக் விசாரித்துச் சொன்னார். மனைவி அந்த வேலையைத் தானே எடுத்துக்கொண்டு, உறவுகளின் எண்ணிக்கைக்கு மட்டும் இடம் விட்டு அடித்துக் கொடுத்தார், பேனாவால் எழுதிக்கொள்ளட்டும் என்று.